வெயிலில் தொங்கிய மஞ்சள் சட்டை

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள போகணுமா மேடம், இல்ல பூட்ஸ் மாட்டிட்டு ஓடணுமா?” என்று ரம்ஸி கேட்டான்.

கேட்டதில் நியாயம் இருந்தது. கேப்டன் ஹில்மி வீட்டு முன்கூடத்தில், செருப்பு விடும் இடத்தில் கிடந்தது ஏதோ ஒரு மைதானத்தின் உடைமாற்றும் அறையிலிருந்து வந்த நீளமான பெஞ்சு. அதை இழைத்து, எண்ணெய் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் பதினொரு பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.

சுஹைர் தன் கைப்பையை ஏழாம் எண்ணில் மாட்டினாள்.

“நான் எதுல மாட்டறது?”

“நீ பன்னெண்டு.”

“பன்னெண்டு இல்லையே.”

“அதனாலதான். பெஞ்சுல உக்காரு. உள்ள வந்தாலும் வாயைத் திறக்காதே.”

ரம்ஸி உட்காரவில்லை. வாயையும் மூடவில்லை. மூடினால் அவனுக்கு மூச்சு முட்டும்.

அலெக்ஸாண்டிரியாவில் தொலைந்துபோன பொருளைச் சத்தமில்லாமல் தேட விரும்புகிறவர்கள் சுஹைர் ஃபஹ்மியின் எண்ணைத்தான் சுழற்றுவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் காணாமல் போன நெக்லஸ்களையும் பல வருஷம் விசாரித்தவள். ஐம்பதைத் தாண்டியவள். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். ரம்ஸி ஒரு நாடகக் குழுவில் பிணமாக நடித்துக்கொண்டிருந்தவன். பிணம் வசனம் பேசிவிட்டது என்று அவர்கள் வெளியே அனுப்ப, சுஹைர் சேர்த்துக்கொண்டாள்.

“யாரு, துப்பறியற அம்மாவா? வாங்க,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனுக்கும் கேட்கிற குரல்.

கேப்டன் ஹில்மி சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எழுபத்தைந்தைத் தாண்டியும் கதவுச் சட்டத்தை நிறைக்கிற உடம்பு. கிழக்குத் துறைமுக கிளப்புக்குப் பன்னிரண்டு வருஷம் கோல்கீப்பராக நின்றவர். அந்தக் கைகளுக்குள் சுஹைரின் கை காணாமல் போய்த் திரும்பி வந்தது.

“உங்களைக் கூப்பிட்டது நானில்ல. இன்ஜி. என் சம்சாரம்,” என்றார். “திருடி யாருன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கி ஆறு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன் போறேன். அதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பாக்கட்டும்னு இவ பிடிவாதம் பிடிச்சா. பாத்துக்கோங்க.”

இன்ஜி தட்டில் தேநீரோடு வந்தாள். ஒல்லியான பெண்மணி. நரைத்த கொண்டையில் ஒரு முடி கலையவில்லை. 

சுஹைர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். தந்த நிறச் சுவர்கள், கடல்நீல சோபா. கிழிந்த கோல் வலை ஒன்றை வெள்ளைச் சாயத்தில் முக்கி, விளக்குக்கு மேல் குடை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் காலத்துத் தோல் பந்துகள் மூன்று, ஒரு செப்புப் பாத்திரத்தில் பழம்போல் அடுக்கியிருந்தன. புத்தக வரிசைக்கு இருபுறமும் ஒரு ஜோடி பூட்ஸ் முட்டுக்கொடுத்து நின்றது. மைதானத்தின் மர இருக்கைகள் இரண்டு சாப்பாட்டு மேசையருகே நாற்காலியாகியிருந்தன. கோப்பைகள், பதக்கங்கள், மாலைகள் என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வாழ்க்கை முழுவதும் பந்தைப் பிடித்தவரின் வீடு என்று தெரிந்தது. கடை மாதிரி தெரியவில்லை.

“வீட்டை இப்படி மாத்தினவ கெட்டிக்காரி,” என்றாள் சுஹைர்.

“திருடிகள் எல்லாம் கெட்டிக்காரிகள்தான்,” என்றார் கேப்டன்.

சோபாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆளுயரக் கண்ணாடிச் சட்டத்துக்குள், கைகளை விரித்தபடி தொங்கியது அந்தச் சட்டை. மஞ்சள் கம்பளிச் சட்டை. இடப்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை காய்ந்த சேறு. மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் முழுசாக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. சுஹைர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

“டெல்டா கோப்பை இறுதியாட்டம். எழுபத்தொண்ணு. மன்சூரா மைதானத்துல கொட்டற மழை,” என்று கேப்டன் தொடங்கினார். “கடைசி நிமிஷம் பெனால்ட்டி. எல்லாரும் வலதுன்னு நினைச்சாங்க. நான் இடதுல பாய்ஞ்சேன். அந்தச் சேறு இது. அன்னிலேருந்து தண்ணி பட்டதில்ல. தோய்க்கவே விட்டதில்ல. பெட்டியில வெச்சிருந்தேன். போன வருஷம் இந்த ஜீலான் பொண்ணு வந்து, வீட்டை மாத்தித் தரேன், உங்க சாமானெல்லாம் அழகா வெக்கிறேன்னு சொன்னா. நம்பிக் குடுத்தேன். ஃபிரேம் போட மூணு வாரம் அவ கடையில இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் இது.” ஒரு பத்திரிகையைத் தூக்கிப் போட்டார். பளபளப்பான தாளில் இந்த வீடு ஆறு பக்கத்துக்கு வந்திருந்தது. கூடவே தன் ஃபோனையும் நீட்டினார். கிளப் ரசிகர்கள் பக்கத்தில் யாரோ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான். நெஞ்சில் கட்டைவிரல் அளவு முத்திரை. பறக்கிற கடற்காகம். பக்கத்திலேயே எழுபத்தொன்றாம் வருஷத்துக் குழுப் படம். அதில் காகம் இடது பக்கம் பார்த்தது. சட்டத்துக்குள் இருந்த சட்டையில் வலது பக்கம் பார்த்தது.

“கேப்டன் சட்டை போலின்னு ஊரே சிரிக்குது. நான் வித்துட்டேன்னு ஒருத்தன் எழுதறான். எனக்குக் கண்ணாடி போடற பழக்கமில்ல, கவனிக்கல. வர்றவங்களும் சேத்தைப் பாப்பாங்களே தவிர, காக்கா எந்தப் பக்கம் பறக்குதுன்னு யார் பாக்கறா? அவ நிஜத்தை அடிச்சுக்கிட்டுப் போலியை மாட்டிட்டா. நேத்து டிவிக்காரன் ஃபோன்ல கேட்டப்ப அவ பேரைச் சொல்லியே சொல்லிட்டேன்.”

இன்ஜி கோப்பையைக் கீழே வைத்தாள். “பேரைச் சொல்லியிருக்க வேணாம்.”

“திருடிக்குப் பேரு கிடையாதா?”

நடைவழியில் சுவருக்குள் ஒரு சின்ன மாடம். அதில் பழைய கோல்கீப்பர் கையுறைகள் இருந்தன. இருட்டாக இருந்ததால் ரம்ஸி பக்கத்து ஜன்னல் திரையை இழுக்கப் போனான்.

“அதைத் திறக்காதீங்க தம்பி,” என்றாள் இன்ஜி. “வெளிச்சம் பட்டா துணி நைஞ்சுபோயிடும்னு ஜீலான் கண்டிப்பா சொல்லியிருக்கா. பல்பைக்கூட மங்கலா மாத்திட்டா.”

சுஹைர் திரும்பி, வெயிலில் குளித்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டையை மறுபடி பார்த்தாள். 

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சொரசொரப்பான குஷன் ஒன்று. பாசி பிடித்த கிணற்றின் பச்சை.

“இது எந்த டீம் கேப்டன்?” என்றான் ரம்ஸி. “தவளைங்க டீமா?”

“முதுகுவலிக்கு இன்ஜி தைச்சது. இது இல்லாம எனக்குத் தூக்கம் வராது.”

சுஹைர் பத்திரிகையைப் புரட்டினாள். ஆறு பக்கத்திலும் எல்லாமே தந்தமும் நீலமும். சாய்வு நாற்காலி வந்த படத்தில் மட்டும் அந்தப் பச்சைக் குஷன், கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

* * *

ரம்ஸியின் பழைய ஃபியட் கோர்னிஷ் சாலையில் கடலை ஒட்டி ஓடியது. ஓடியது என்பது ரம்ஸியின் வார்த்தை.

“கேஸ் முடிஞ்சது மேடம். மூணு வாரம் அவகிட்ட சட்டை. வளைகுடாவுல இந்த மாதிரி சட்டைக்குச் சொத்தை எழுதித்தர ஆள் இருக்கான். நாம போய், குடும்மான்னு கேட்டா போதும்.”

“கேட்டா குடுத்துடுவாளா?”

“நீங்க கேட்டா குடுப்பா. நான் கேட்டா எனக்கு ஒரு சோபா வித்துடுவா.”

ஜீலான் ஸபரியின் கடை ஃபுவாத் தெருவில், ஒரு பழைய இத்தாலியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே மரத்தூள் வாசனை. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. கிராப்பு வெட்டிய தலை, காதில் செருகிய பென்சில். ஒரு குத்துச்சண்டை வீரனின் தோல் பையைக் கிடத்தி, அதற்குக் கால் பொருத்தி முக்காலியாக்கிக்கொண்டிருந்தாள். சுஹைர் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

“கேப்டன் அனுப்பினாரா?”

“இன்ஜி அனுப்பினாங்க.”

பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. “எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. நேத்து டிவியில என் பேர் வந்ததுலேருந்து ரெண்டு பேர் வேலையை வேணாம்னுட்டாங்க. மூணாவது ஆள் சாயங்காலம் வர்றாங்க. அவங்களும் அதைத்தான் சொல்லப்போறாங்க. நான் திருடல. அவ்வளவுதான்.”

“சரி,” என்றாள் சுஹைர். “நான் அதைப் பத்திப் பேச வரல. எங்க வீட்டுல ஒரு வேலை இருக்கு. எங்கப்பா நீச்சல் வீரர். ரெண்டு பதக்கம், ஒரு பழைய நீச்சல் உடை, ஒரு நிறுத்தக் கடிகாரம். ஒரே சுவத்துல எல்லாத்தையும் மாட்டலாம்னு பாக்கறேன்.”

ஜீலான் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் தொழில் வென்றது. “எல்லாத்தையுமா? அது வீடா, ஸ்போர்ட்ஸ் கடையா? கடிகாரத்தை வாசல்கிட்ட வைங்க, தினம் கண்ணுல படணும். பதக்கத்தை ஒரு டிராயர்ல போட்டு மேல கண்ணாடி போடுங்க. கேக்கறவங்களுக்கு மட்டும் காட்டுங்க. உடையை மட்டும் தனியா ஒரு சுவத்துல விடுங்க.”

“அப்படின்னா ஹால்ல, மேற்கு பாத்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். நல்லா சூரியன் விழும். பளிச்சுன்னு இருக்கும்.”

“வெயில்ல துணியையா? என்னங்க பேசறீங்க? ஒரே கோடையில சாயம் செத்துரும். ரெண்டாவது கோடையில இழை பொடிப்பொடியா உதிரும். பழைய துணியை வெயில்ல மாட்டறதும் அடுப்புல போடறதும் ஒண்ணுதான். நான் செத்தாலும் அப்படி ஒரு—”

பேச்சு நின்றது. பென்சில் மேசையில் உருண்டு ஓடி, தரையில் விழுந்தது. ரம்ஸி அதை எடுத்து மரியாதையாக நீட்டினான்.

“செத்தாலும் மாட்ட மாட்டீங்க,” என்றாள் சுஹைர் மெதுவாக. “அந்தக் கையுறைக்காகப் பல்பையே மாத்தினவங்க நீங்க. ஆனா சட்டையை மட்டும் அந்த வீட்டுலயே அதிகமா வெயில் அடிக்கிற சுவத்துல மாட்டியிருக்கீங்க. ஏன்னா அது போலின்னு உங்களுக்கு அப்பவே தெரியும்.”

ஜீலான் பென்சிலை வாங்கி மறுபடி காதில் செருகினாள்.

“இன்னொரு கேள்வி. அந்த வீட்டுல சுவர்க் கடிகாரத்தைக்கூட விட்டு வைக்காம மாத்தியிருக்கீங்க. அந்தப் பச்சைக் குஷனை எப்படி விட்டீங்க? போட்டோ எடுக்கறப்பகூட எடுத்து ஒளிச்சு வைக்கல.”

சட்டையைப் பற்றிக் கேட்டபோது வராத நிறம் இப்போது ஜீலானின் முகத்தில் வந்தது. வாசல் பக்கம் பார்த்தாள். “என் வேலை வீட்டை அழகுபடுத்தறது. வீட்டை உடைக்கிறது இல்ல. கிளம்புங்க.”

* * *

தெருமுனையில் ஈரல் சாண்ட்விச் வண்டி. ரம்ஸி மூன்று வாங்கினான். சுஹைருக்கு ஒன்று, தனக்கு இரண்டு.

“வாயாலயே மாட்டிக்கிட்டா. போலின்னு தெரிஞ்சே மாட்டியிருக்கா. அப்ப போலியைச் செஞ்சதும் அவதான். மேடம், இந்தத் தடவை நீங்க ரொம்ப சுலபமா ஜெயிச்சுட்டீங்க. எனக்கே கொஞ்சம் வருத்தமா இருக்கு.”

“நீ எந்த டீம்?”

“இதென்ன கேள்வி. பொறந்ததுலேருந்து கிழக்குத் துறைமுகம். எங்க வீட்டுல கல்யாணத்துக்கு நாள் பாக்கறதே மேட்ச் இல்லாத நாளாப் பாத்துத்தான்.”

“அப்ப சொல்லு. இப்ப உங்க கிளப் முத்திரை என்ன?”

“நங்கூரம். எங்கப்பாவுக்கு அது பிடிக்கல. காகத்தைப் பறக்கவிட்டுட்டாங்கன்னு புலம்புவார்.”

“காகம் எப்ப வலது பக்கம் திரும்புச்சு?”

ரம்ஸி மென்றுகொண்டே யோசித்தான். “எண்பத்தி நாலுல புது நிர்வாகம் வந்துச்சு. எதையாவது மாத்தணும்னு காகத்தைத் திருப்பினாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப நங்கூரம் வந்துடுச்சு. ஏன்?”

“இன்னிக்கி ஒருத்தி போலி செய்யறான்னா, கடையில கிடைக்கிற நங்கூரத்தை வெப்பா. கெட்டிக்காரியா இருந்தா, எழுபத்தொண்ணு படத்தைப் பாத்து இடது காகம் வெப்பா. ஜீலான் கெட்டிக்காரி. ரெண்டுமில்லாம நடுவுல கொஞ்ச வருஷம் மட்டும் இருந்த வலது காகத்தை யார் வெப்பா?”

மெல்லுவது நின்றது. “அது புழக்கத்துல இருந்தப்ப செஞ்சவங்க.”

“அப்ப ஜீலானுக்கு என்ன வயசு?”

“பால்பல்லு முளைச்சிருக்கும்.” ரம்ஸி இரண்டாவது சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடியே நின்றான். “அப்படின்னா அவகிட்ட வந்ததே போலிதான். கைபட்டதும் கண்டுபிடிச்சிருப்பா. கண்டுபிடிச்சும் சொல்லல. மேடம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கிழவர்தான். எண்பதுகள்ல குவைத்துல கோச்சா இருந்தார், எல்லாருக்கும் தெரியும். அங்க எவனோ ஷேக் கேட்டிருப்பான், வித்துட்டார். ஊருக்குக் காட்ட ஒரு போலி தைச்சுக்கிட்டார். இப்ப மாட்டினதும் பழியை அந்தப் பொண்ணு தலையில தூக்கிப் போடறார். சின்ன வயசுல அவர் படத்தை நான் கட்டிலுக்கு மேல ஒட்டி வெச்சிருந்தேன். போய் அந்த இடத்தைச் சுரண்டணும்.”

“சுரண்டாதே. வண்டியை எடு. அவர் போலீஸ் ஸ்டேஷன் போறதுக்கு முன்னாடி ஒரு குஷனைப் பாக்கணும்.”

* * *

கேப்டன் சூட்டும் டையும் அணிந்து தயாராக இருந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்றா?”

“அவ திருடல,” என்றாள் சுஹைர். “இந்தச் சட்டை அவ குழந்தையா இருந்த காலத்துல தைச்சது. முத்திரையே சொல்லுது. அவ கைக்கு வந்தது போலி. நிஜம் இந்த வீட்டை விட்டு வெளியே போகவே இல்ல.”

கேப்டன் நிமிர்ந்தார். ரம்ஸி அவரை முறைத்துக்கொண்டு நின்றான். சட்டையை விற்ற மனிதனின் முகம் எப்படி வெளுக்கும் என்று பார்க்கக் காத்திருந்தான். முகம் வெளுக்கவில்லை. அதில் தெரிந்தது சுத்தமான குழப்பம்.

“நிஜம் இங்க இருந்தா எனக்குத் தெரியாதா?”

“கேப்டன், கொஞ்சம் எழுந்திருங்க.”

அவர் எழுந்தார். சுஹைர் அந்தப் பச்சைக் குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் தடவினாள். நெருக்கமாக இறுகிப்போன கம்பளி. “ரம்ஸி, மஞ்சளையும் கடல்நீலத்தையும் ஒரே வாளியில போட்டா என்ன வரும்?”

“பச்சை.”

“கம்பளியைக் கொதிக்கிற தண்ணியில போட்டா?”

ரம்ஸி வாயைத் திறந்தான். “சுருங்கும்,” என்று முதல்முறையாக மெல்லிய குரலில் சொன்னான்.

“ஓரத்தைப் பிரிக்கணும்,” என்றாள் சுஹைர். “இன்ஜி, உங்ககிட்ட—”

இன்ஜி ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையில் கத்தரிக்கோல்.

“நானே பிரிக்கிறேன்,” என்றாள். “நான் தைச்சது.”

தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. உள்ளேயிருந்த பஞ்சைத் தரையில் கொட்டினாள். உறையைத் திருப்பி உதறினாள். உள்பக்கம் வெளியே வந்ததும் அதற்கு இரண்டு கைகள் முளைத்தன. பொம்மைக்குத் தைத்த மாதிரி குட்டிக் கைகள். முதுகில் ‘1’ என்று சுருங்கிய எண். நெஞ்சில் சுண்டுவிரல் நகம் அளவு கடற்காகம். அது இடது பக்கம் பார்த்தது.

 கீழே சாலையில் ஒரு கார் ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று.

“எண்பத்தெட்டு,” என்றாள் இன்ஜி. யாரையும் பார்க்காமல் சட்டையைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க குவைத்துல இருந்தீங்க. புதுசா வாஷிங் மெஷின் அனுப்பினீங்க, ஞாபகமா? எனக்குச் சந்தோஷம். வீட்டுல இருக்கற குளிர்காலத் துணியெல்லாம் அள்ளிப் போட்டேன். உங்க பெட்டியில இருந்த நீல டிராக் சூட்டுக்குள்ள இது சுருட்டி இருந்தது எனக்குத் தெரியாது. மெஷினைத் திறந்தா, இது வந்துச்சு.”

“சேறு,” என்றார் கேப்டன்.  “மன்சூரா சேறு.”

“அது மாடிப்படி ரோஜாத் தொட்டி மண்ணு. கிளப் கடையில வாங்கின புதுச் சட்டையில நாலு நாள் தேய்ச்சேன்.”

கேப்டன் எதிர்ச் சுவரைப் பார்த்தார். எத்தனை விருந்தாளிகளிடம், எத்தனை பத்திரிகைக்காரர்களிடம் அந்தச் சேற்றைத் தொட்டுக் காட்டியிருப்பார். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“லடாக்கியா ஊர் மேட்ச்ல உங்களுக்குக் குடுத்த கண்ணாடிக் கோப்பை ஞாபகம் இருக்கா ஹில்மி?”

“எந்தக் கோப்பை?”

“கல்யாணமாகி மூணாவது வருஷம். தூசி தட்டறப்ப கைதவறி உடைஞ்சது. நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டீங்க. அந்த ரமலான் மாசம் முழுக்க நான் தனியா உக்காந்து நோன்பு திறந்தேன். பக்கத்து வீட்டுல சிரிக்கிற சத்தம் கேக்கும். நான் ரேடியோவைப் பெருசா வெச்சுக்குவேன்.” அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “அது வெறும் கண்ணாடி. இது அந்தச் சட்டை. இதுக்கு எத்தனை ரமலான்னு எனக்குத் தெரியல.”

கேப்டன் உட்கார்ந்தார். குஷன் இல்லாத நாற்காலி முதுகில் குத்தியிருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை.

“ஜீலான் குஷனைத் தூக்கிப் போடறேன்னு எடுத்தா,” என்றாள் இன்ஜி. “சட்டை போலின்னு அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம். நான் அழுதுட்டேன். சத்தியம் வாங்கினேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. நேத்து டிவியில அவ பேரைக் கேட்டதும், ராத்திரியே சொல்லிடணும்னு வாயைத் திறந்தேன். சாப்பாடு போடவான்னு கேட்டுட்டுப் போயிட்டேன்.”

“அதனால என்னைக் கூப்பிட்டீங்க,” என்றாள் சுஹைர்.

“ஆமா. நீங்க சீக்கிரம் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு சொன்னாங்க. ஆரம்பிக்கிறதுதான் எனக்கு முடியல. வேற யாராவது ஆரம்பிச்சா முடிச்சுடுவேன்னு தெரியும்.”

ரம்ஸி சுஹைரின் காதருகே குனிந்தான். “மேடம், தன்னையே பிடிச்சுக் குடுக்கறதுக்குத் துப்பறியறவங்களை வெச்சிருக்காங்க. இதுக்கு நாம என்ன பேர்ல பில் போடறது?”

“வாயை மூடு.”

கேப்டன் அந்தக் குட்டிச் சட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். டை மறையும் அளவுகூட இல்லை. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எழுந்தார். இன்ஜி ஓர் அடி பின்வாங்கினாள். அதை அவர் பார்த்தார். பார்த்ததும், இரண்டாம் பாதியில் கோல் வாங்கியவன் மாதிரி அவர் தோள் தளர்ந்தது.

“செருப்பைப் போட்டுக்க,” என்றார். “நீயும் வா.”

“எங்க?”

“அந்தப் பொண்ணுகிட்ட.”

* * *

ஃபியட்டின் முன் சீட்டில் கேப்டன் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. ரம்ஸியும் பேசவில்லை. அவன் வாழ்க்கையில் நீளமான கோர்னிஷ் பயணம் அதுதான்.

கடையில் ஜீலானோடு ஒரு பணக்காரப் பெண்மணி நின்றிருந்தாள். கையில் கார் சாவி. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிற நிலை. கேப்டனைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றார்கள். ஜீலான் முதலில் பார்த்தது அவரை அல்ல, பின்னால் வந்த இன்ஜியை. இன்ஜி தலையசைத்தாள். ஜீலானின் கண் அப்போதுதான் கலங்கியது.

“நான் தப்பான பக்கம் பாய்ஞ்சுட்டேன்,” என்றார் கேப்டன். “பந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. நீ எதையும் எடுக்கல. மன்னிச்சுடும்மா.”

அந்தப் பெண்மணி கார் சாவியை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மன்னிக்கிறது இருக்கட்டும்,” என்றாள் ஜீலான். “நீங்க என் பேரைச் சொன்னது இந்தக் கடையில நின்னு இல்ல. ஊர் பூரா கேட்டுச்சு.” தன் ஃபோனை எடுத்து ரம்ஸியிடம் கொடுத்தாள். “பிடிங்க. இவர் பேசட்டும்.”

ரம்ஸி ஃபோனை உயர்த்தினான். கேப்டன் டையைச் சரிசெய்தார். குட்டிச் சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“நான் ஹில்மி. கிழக்குத் துறைமுகம். எழுபத்தொண்ணு சட்டை இதுதான். திருடு போகல. சுருங்கிப் போச்சு.” சற்று நிறுத்தினார். “ஜீலான் ஸபரிங்கிற பொண்ணு மேல நான் வீண்பழி போட்டேன். அவ என் வீட்டு மானத்தைக் காப்பாத்த, தன் மானத்தை விட்டுக்குடுத்தவ. இனிமே யாராவது தப்பாப் பேசினா எங்கிட்ட வாங்க.”

“சட்டையை வெந்நீர்ல போட்டது யாரு கேப்டன்?” என்று ரம்ஸி கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் சுஹைரின் பார்வை அவன் பிடரியில் பட்டது. ஆனால் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜி ஜீலானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்,” என்றார் கேப்டன் தயங்காமல். “நான்தான் போட்டேன். வெளியே சொல்ல வெக்கப்பட்டேன். என் சம்சாரம் இத்தனை வருஷமா என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தா. அவ்வளவுதான்.”

ரம்ஸி ஃபோனை இறக்கினான். பணக்காரப் பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஜீலானிடம், தன் கணவருடைய பழைய துடுப்புகளை மாடிப்படிக் கைப்பிடியாக்க முடியுமா என்று கேட்டாள்.

இன்ஜி கணவரின் அருகில் வந்தாள். அவர் கையிலிருந்து சட்டையை வாங்கி, கைகளை உள்ளே மடித்து, நான்காக மடித்தாள்.

“வாஷிங் மெஷினை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட உங்களுக்குத் தெரியாது,” என்றாள்.

“தெரியாது,” என்றார் கேப்டன். “வீட்டுக்குப் போனதும் சொல்லிக் குடு.”